மைதானத்தின் உறுதி யார் பெயரில்? உதைபந்தாட்டக் கழகக் கணக்குக்கு ஓர் அரிச்சுவடி

2023 நவம்பர் 17 அன்று இங்கிலாந்தின் எவர்ட்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் 10 புள்ளிகள் வெட்டப்பட்டன. அந்த வார இறுதியில் அந்த நாட்டின் முதல்தரப் போட்டியான பிரிமியர் லீக்கில் ஆட்டமே இல்லை. வீரர்கள் தங்கள் நாட்டு அணிகளுக்கு ஆடப் போயிருந்தார்கள். பந்தில் கால் படாமலே 14ஆம் இடத்தில் இருந்த கழகம் 19ஆம் இடத்துக்கு இறங்கியது. சனிக்கிழமை இரவு எட்டரை மணி ஆட்டத்துக்காகத் தொலைக்காட்சி முன்னால் கூடுகிற மட்டக்களப்பு, கல்முனைப் பிள்ளைகள் பலருக்கு இது விளங்கவே இல்லை. தோற்காத கழகத்துக்குத் தண்டனை எப்படி வரும்?

விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாசிக்கப் பட்டயக் கணக்காளராக இருக்கத் தேவையில்லை. கையில் உள்ள காசு எது, கடதாசியில் மட்டும் உள்ள காசு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கழகத்தின் உரிமையாளர் தன் காசைப் போட்டாரா, கடனைப் போட்டாரா என்று கேட்கத் தெரிய வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆடுகிற மைதானத்தின் உறுதி யார் பெயரில் இருக்கிறது? காணி வாங்கப் போகிற எவரும் நம் ஊரில் முதலில் கேட்பது இதைத்தான். உதைபந்தாட்டத்தில் மட்டும் இதைக் கடைசியில் கேட்கிறோம். அதற்குள் பல கழகங்கள் மூழ்கிவிடுகின்றன.

ஊர்ச் சுற்றுப்போட்டியின் கணக்கு

சின்னக் கணக்கில் தொடங்குவோம். ஊர்க் கழகம் ஒன்று 16 அணிகளோடு மின்னொளியில் ஒரு விலகல் முறைச் சுற்றுப்போட்டி வைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தொகைகள் எல்லாம் விளக்கத்துக்காக நாம் போடுபவை. ஓர் அணிக்கு நுழைவுக் கட்டணம் 5,000 ரூபாய் என்றால் 80,000. கடைக்காரர்கள், வெளிநாட்டில் உள்ள ஊர்ப் பிள்ளைகள் என்று அனுசரணை 1,20,000. தேநீர்க் கடை, குளிர்பானக் கடைக்கு இடம் விட்டதில் 40,000. ஆக வரவு 2,40,000.

செலவுக்கு வருவோம். பரிசுத் தொகை 1,00,000. 16 அணி என்றால் 15 ஆட்டம். ஓர் ஆட்டத்துக்கு நடுவர்களுக்கு 4,000 என்றால் 60,000. மின்னொளிக்கும் டீசலுக்கும் 45,000. ஒலிபெருக்கி, கதிரை, பந்தல் 25,000. கோடு போடச் சுண்ணாம்பு, கோல் வலை, முதலுதவிப் பெட்டி 15,000. மொத்தம் 2,45,000. 5,000 ரூபாய்தான் துண்டு விழுகிறது. பெரிய நட்டம் இல்லை என்று எல்லோரும் எழும்பிப் போகலாம்.

ஆனால் அனுசரணையில் 50,000 ரூபாய் இன்னும் வந்து சேரவில்லை. பதாகையில் அவர் பெயர் இருந்தது, மேடையில் மாலையும் போட்டாயிற்று, காசுதான் வரவில்லை. நடுவர்களுக்கும் டீசல்காரருக்கும் இன்றிரவே கொடுக்க வேண்டும். தலைவர் தன் சட்டைப் பையிலிருந்து 55,000 எடுத்துக் கொடுக்கிறார். அதைப் பொருளாளர் நன்கொடை என்று எழுதினாரா, கடன் என்று எழுதினாரா, எழுதவே இல்லையா?

ஐரோப்பாவின் பெரிய கழகங்களைப் பிடிக்கிற நோய் முழுவதும் இந்தச் சின்னக் கணக்குக்குள் அடங்கிவிட்டது. செலவு நிச்சயமாக வருகிறது. வரவு நிச்சயம் இல்லை. வராத காசை வந்ததாக எண்ணிச் செலவு செய்தாகிவிட்டது. இடைவெளியை ஒரு தனி மனிதர் நிரப்பினார். அது எந்தக் கணக்கில் சேர்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை. செல்சி கழகத்தில் அதன் உரிமையாளராக இருந்த ரோமன் அப்ரமோவிச் போட்டுவந்த காசும் ஏட்டில் கடனாகத்தான் இருந்தது. 2022இல் கழகம் கைமாறியபோது அந்தக் கடன் 1.5 பில்லியன் பவுணாக நின்றது. அவர் அதைத் திருப்பிக் கேட்காமல் விட்டதால்தான் விற்பனை நடந்தது. கேட்டிருந்தால் அந்தக் கழகத்தால் கட்டியிருக்கவே முடியாது. ஊர்த் தலைவரின் 55,000க்கும் இதே நியாயம்தான்: கூட்டக் குறிப்பேட்டில் அன்றே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்காவிட்டால், அடுத்த வருடத் தெரிவில் அவர் தோற்றதும் அது பிரச்சினையாக வரும்.

காசு எங்கிருந்து வருகிறது

தொழில்முறைக் கழகம் ஒன்றுக்கு வருமானம் மூன்று வாய்க்காலில் வருகிறது. முதலாவது ஆட்ட நாள் வருமானம்: நுழைவுச் சீட்டு, சாப்பாடு, பணக்காரர்களுக்கான தனி அறைகள். இரண்டாவது ஒளிபரப்பு. மூன்றாவது வணிகம்: சட்டையில் விளம்பரம், சட்டை விற்பனை, மைதானத்தின் பெயர் உரிமை.

பிரிமியர் லீக்கில் ஒளிபரப்புக் காசுதான் பல கழகங்களின் உயிர்நாடி. உள்நாட்டு ஒளிபரப்புத் தொகையில் பாதியை 20 கழகங்களுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள். கால் பங்கு, பட்டியலில் முடித்த இடத்தைப் பொறுத்தது. மீதிக் கால் பங்கு, எத்தனை ஆட்டம் நேரடியாக ஒளிபரப்பானது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு ஒளிபரப்பில் வரும் பங்கையும் சேர்த்தால், கடைசி இடத்தில் முடிக்கிற கழகமும் இப்போது ஒரு பருவத்துக்கு 100 மில்லியன் பவுணுக்கு மேல் வாங்குகிறது. ஆபத்தும் அங்கேதான். அந்த வருமானத்தை நம்பி வீரர்களோடு நான்கு, ஐந்து வருட ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பட்டியலின் அடியில் முடித்துக் கீழ்த் தர லீக்குக்குத் தரம் இறங்கினால் அந்த வாய்க்கால் ஒரே நாளில் வற்றிவிடும், சம்பளமோ ஒப்பந்தப்படி தொடரும். இதைத் தாங்கத்தான் இறங்கிய கழகங்களுக்கு முதல் வருடம் சமபங்கில் 55 வீதம், அடுத்த வருடம் 45, மூன்றாம் வருடம் 20 என்று ஒரு கொடுப்பனவு வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்திலேயே ‘தரம் இறங்கினால் சம்பளம் இத்தனை வீதம் குறையும்’ என்று எழுதி வைக்கிற கழகம் தப்பும். எழுதாத கழகம் ஆளை விற்றுத்தான் தப்ப வேண்டும்.

வீரரை வாங்கினால் ஏட்டில் என்ன நடக்கும்

செய்தியில் ‘60 மில்லியனுக்கு வாங்கினார்கள், 40 மில்லியனுக்கு விற்றார்கள், 20 மில்லியன் நட்டம்’ என்று வாசிப்போம். கணக்கேட்டில் அதே விற்பனை இலாபமாக இருக்கும். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவர்களுக்குப் பெறுமானத் தேய்வு தெரியும். உழவு இயந்திரம் ஒன்றை வாங்கினால் அந்த விலை முழுவதையும் வாங்கிய வருடத்தின் செலவாகப் போடுவதில்லை. உழைக்கும் வருடங்களுக்குப் பகிர்ந்து போடுவார்கள். வீரரின் ஒப்பந்தமும் அப்படித்தான், கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து.

வீரரை விடுவதற்காகப் பழைய கழகத்துக்குக் கொடுக்கும் மாற்றுத் தொகை 60 மில்லியன், ஒப்பந்தம் 5 வருடம் என்றால் வருடத்துக்கு 12 மில்லியன் செலவு. 3 வருடம் முடிந்தால் 36 மில்லியன் தேய்ந்துவிடும். ஏட்டுப் பெறுமதி 24 மில்லியன். அப்போது 40க்கு விற்றால் அந்த வருடக் கணக்கில் 16 மில்லியன் இலாபம். அந்த இலாபம் முழுவதும் ஒரே வருடத்தில் விழும். வாங்கியதன் செலவு பரவும், விற்றதன் இலாபம் ஒரேயடியாக வரும். வீரர் சந்தையின் பாதிச் சூட்சுமம் இதுதான்.

கழகத்தின் சொந்தப் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த பையனுக்கு மாற்றுத் தொகை கொடுக்கப்படவில்லை, ஆகவே ஏட்டுப் பெறுமதி பூச்சியம். 40 மில்லியனுக்கு விற்றால் 40ம் இலாபம். சிறுவயதிலிருந்து அந்தக் கழகத்துக்காகவே வளர்ந்த, இரசிகர்கள் உயிராக நினைக்கிற பிள்ளைகளைக் கழகங்கள் ஏன் முதலில் விற்கின்றன என்பதற்கு இந்தப் பூச்சியம்தான் காரணம். கணக்கு விதி ஒன்று ஊரின் சொந்தப் பிள்ளையை வெளியே தள்ளுகிறது. இது மிகத் தவறான விளைவு.

ஒப்பந்தத்தை நீட்டினால் வருடச் செலவு குறையும். செல்சி 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸை ஏறத்தாழ 107 மில்லியன் பவுணுக்கு எட்டரை வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. ஐந்து வருடம் என்றால் வருடத்துக்கு 21 மில்லியனுக்கு மேல் வந்திருக்கும். எட்டரைக்குப் பிரித்தால் 12.6தான். அந்த வருடக் கோடையிலேயே ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் ‘எத்தனை வருடம் எழுதினாலும் கணக்கில் 5 வருடத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது’ என்றது. டிசம்பரில் பிரிமியர் லீக்கும் அதே விதியைக் கொண்டுவந்தது. நீண்ட ஒப்பந்தத்தில் இன்னொரு பொறியும் உண்டு. காலில் காயம் பட்டாலும் ஆட்டம் படுத்தாலும் சம்பளம் அத்தனை வருடத்துக்கும் ஓடும். அவரை வாங்க யாரும் வரமாட்டார்கள்.

இலாபமும் காசும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பிடித்துக்கொள்ளுங்கள். மாற்றுத் தொகையைப் பெரும்பாலும் தவணையாகத்தான் கட்டுகிறார்கள். 16 மில்லியன் இலாபம் காட்டிய கழகத்தின் வங்கியில் அந்த மாதச் சம்பளத்துக்குக் காசு இல்லாமலும் இருக்கலாம். பல கழகங்கள் வரவேண்டிய தவணைகளை வங்கியிடம் கழிவுக்கு விற்று முற்பணம் எடுக்கின்றன. வெள்ளாமை கதிர் விடுமுன்னே நெல்லுக்கு விலை பேசிக் காசு வாங்கியவர்களுக்கு அதன் வலி தெரியும்.

105 மில்லியன் என்ற கோடு

எவர்ட்டன் மீறிய பிரிமியர் லீக் விதி அப்போது இப்படி இருந்தது: 3 வருடங்களைச் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கழகம் 105 மில்லியன் பவுணுக்கு மேல் நட்டப்படக் கூடாது. அதிலும் 15 மில்லியனுக்கு மேற்பட்ட பகுதியை உரிமையாளர் கடனாக அல்லாமல் மூலதனமாகப் போட்டு ஈடுகட்ட வேண்டும். மைதானம் கட்டுவது, இளையோர் பயிற்சி, பெண்கள் அணி, சமூகப் பணி ஆகிய செலவுகளை நட்டத்தில் சேர்க்கவில்லை. அவை நல்ல செலவுகள் என்று விதியே ஒத்துக்கொண்டது.

எவர்ட்டனின் நட்டம் 124.5 மில்லியன் என்று வழக்கை விசாரித்த ஆணைக்குழு கண்டது. கோட்டைத் தாண்டியது 19.5 மில்லியன். வழக்கில் பெரிதாக அடிபட்ட விடயங்களில் ஒன்று புதிய மைதானம்தான். கட்டுமானத்தோடு சேர்ந்த வட்டியை மைதானச் செலவாகக் கழிக்கலாம் என்று கழகம் வாதாடியது. அந்தக் கடன் மைதானத்துக்கென்று எடுக்கப்பட்டது அல்ல என்று லீக் சொன்னது. கடன் எந்த நோக்கத்துக்கு எடுக்கப்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிற ஒரு வரியில் கழகத்தின் தலைவிதி தொங்கியது. மேன்முறையீட்டில் 10 புள்ளி 6 ஆனது. அடுத்த கணக்குக் காலத்துக்காக இன்னும் 2 போனது. இதே விதியை மீறிய நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட் கழகம் 4 புள்ளி இழந்தது.

கோடு ஒன்று போட்டால் அதைச் சுற்றிப் போக வழி தேடுவார்கள். தேடிய வழிகளில் மிகப் பெரியது, சொந்த மைதானத்தை விற்பது.

தனக்குத் தானே விற்ற மைதானம்

பிரிமியர் லீக்குக்கு அடுத்த இரண்டாம் தரத்தில் ஆடிய டேர்பி கவுண்டி கழகத்தின் கதையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். கழகத்துக்குப் பிரைட் பார்க் என்ற சொந்த மைதானம் இருந்தது. ஏட்டில் அதன் பெறுமதி ஏறத்தாழ 41 மில்லியன் பவுண். 2018இல் கழகம் அதை 81.1 மில்லியனுக்கு விற்றது. வாங்கியது கழக உரிமையாளரின் இன்னொரு கம்பனி. ஒரே ஆளின் வலது பையிலிருந்து இடது பைக்கு மைதானம் போனது. கழகத்தின் ஏட்டில் ஏறத்தாழ 40 மில்லியன் இலாபம் விழுந்தது, அந்தத் தரத்துக்கான நட்டக் கோடு தாண்டப்படவில்லை. அதன் பிறகு கழகம் தன் வீட்டிலேயே வாடகைக்கு இருந்தது.

மைதான விலையைப் பற்றி அந்தத் தரத்தை நடத்தும் லீக் போட்ட குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் வீரர்களின் பெறுமானத் தேய்வைக் கழகம் வேறு யாரும் செய்யாத ஒரு முறையில் கணக்கிட்டிருந்தது. ஒப்பந்தத்தின் கடைசி வருடம் வரைக்கும் வீரருக்கு மீள்விற்பனைப் பெறுமதி இருப்பதாக எழுதித் தேய்வைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். அதற்கு 9 புள்ளி வெட்டு. 2021 செப்டெம்பரில் காசு தீர்ந்து, கடன்காரர்களுக்காகச் சட்டப்படி நியமிக்கப்படும் நிர்வாகிகளிடம் கழகம் போனது. அதற்கு 12 வெட்டு. 21 புள்ளி இழந்த அணி 2022இல் மூன்றாம் தரத்துக்கு இறங்கியது.

கழகத்தை வாங்க வந்தவர்கள் ஏன் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள் என்பதுதான் பாடம். விலை பேச வேண்டிய ஆட்கள் இரண்டு பேர். கழகத்துக்கு நிர்வாகிகளோடு பேச வேண்டும், மைதானத்துக்குப் பழைய உரிமையாளரோடு பேச வேண்டும். வளவு ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் பெயரிலும் இருந்தால் வாங்க வருகிறவர் படலைக்கு வெளியே நின்றே திரும்பிவிடுவார். கடைசியில் உள்ளூர் வணிகர் ஒருவர் மைதானத்தையும் கழகத்தையும் தனித்தனியே வாங்கி ஒன்றாக்கிய பிறகுதான் டேர்பி பிழைத்தது.

ஷெஃபீல்ட் வென்ஸ்டே கழகமும் தன் ஹில்ஸ்பரோ மைதானத்தை உரிமையாளரிடமே விற்றது. அதன் பலனையும் பின்னர் அனுபவித்தது. செல்சி இரண்டு ஹோட்டல்களைச் சகோதரக் கம்பனிக்கு 76.5 மில்லியனுக்கு விற்று அதே வேலையைச் செய்தது. பிரிமியர் லீக் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியம் அப்படியான உள்வீட்டு விற்பனைகளை வருமானமாக ஏற்பதில்லை. 2025இல் கணக்கு விதிகளை மீறியதற்காகச் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ தண்டம் போட்டது.

போடியார் யார்?

கழகத்தின் சொந்தக்காரர் யார் என்பதில் நாட்டுக்கு நாடு வழக்கம் மாறும். ஜேர்மனியில் 50+1 விதி: வாக்குரிமையில் பாதிக்கு மேல் அங்கத்தவர்களின் கழகத்திடமே இருக்க வேண்டும். பேயர் கம்பனியின் லெவர்குசன், ஃபோக்ஸ்வாகனின் வூல்ஃப்ஸ்பர்க் போன்ற சில பழைய விதிவிலக்குகள் உண்டு. ஸ்பெயினில் ரியல் மட்ரிட், பார்சிலோனா, அத்லெட்டிக் பில்பாவோ, ஒசசூனா ஆகிய நான்கும் அங்கத்தவர்களுடையவை. சந்தா கட்டுகிறவர்கள் வாக்குப் போட்டுத் தலைவரைத் தெரிவார்கள், நம் ஊர்க் கழகம் மாதிரியே. இங்கிலாந்தில் யாரும் வாங்கலாம். மன்செஸ்டர் சிட்டிக்கு 2008 முதல் அபுதாபி, நியூகாசிலுக்கு 2021 முதல் சவூதி அரசின் முதலீட்டு நிதியம். இலங்கையில் 2021இல் தொடங்கிய சுப்பர் லீக்கின் 10 கழகங்களில் தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் மூன்று. சம்பளம் அரச வேலையாக வருகிற கழகத்தோடு சந்தாவில் நடக்கிற கழகம் எப்படிப் போட்டி போடும் என்பது தனியாகப் பேச வேண்டிய விடயம்.

அங்கத்தவர் கழகம் என்றால் கடன் வராது என்று நினைக்க வேண்டாம். பார்சிலோனா 2022இல் தன் உள்நாட்டு லீக் ஒளிபரப்பு வருமானத்தின் 25 வீதத்தை 25 வருடங்களுக்கு விற்றது. பள்ளத்தை மூட 50 போகத்தின் கால்வாசி விளைச்சலை ஒரே நாளில் கொடுத்ததற்குச் சமம். அடுத்து வரும் தலைவர்கள் எல்லோரும் அந்தக் குறைந்த விளைச்சலோடுதான் கழகத்தை நடத்த வேண்டும்.

ஆனாலும் எல்லாவற்றிலும் விளங்கிக்கொள்ளக் கடினமாகச் சொல்லப்படுவது மன்செஸ்டர் யுனைட்டட் விற்பனை. அது அவ்வளவு கடினமானதல்ல. சம்மாந்துறைப் பக்கம் ஒருவர் 10 ஏக்கர் வயல் வாங்குகிறார். கையில் காசு குறைவு. வங்கியில் கடன் எடுக்கிறார். ஈடாக வைப்பது அவர் வீட்டை அல்ல, வாங்கப்போகும் அதே வயலை. வட்டி கட்டுவது அந்த வயலின் பெரும்போக, சிறுபோக விளைச்சலிலிருந்து. வயல் வாங்கினவர் போடியார் ஆகிவிட்டார். கடன்காரன் ஆனது வயல். கிளேசர் குடும்பம் 2005இல் 790 மில்லியன் பவுணுக்கு யுனைட்டட்டை வாங்கிய முறை இதுதான். அதற்கு முன் கடன் இல்லாதிருந்த கழகம் அன்றிலிருந்து வட்டிக்கும் கட்டணங்களுக்கும் நூற்றுக்கணக்கான மில்லியன் கட்டியிருக்கிறது. வரம்பு கட்டவும் வாய்க்கால் திருத்தவும் போகவேண்டிய காசு வட்டிக்குப் போனால் வயல் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. யுனைட்டட்டின் மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டின் கூரை ஒழுகுவதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

மைதான ஒப்பந்தங்கள்

சொந்தமாகக் கட்டுவது கௌரவம். ஆனால் பொறுமை வேண்டும். ஆர்சனல் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 2006இல் 60,000 பேர் கொள்ளும் புதிய மைதானத்துக்குப் போனது. செலவு 390 மில்லியன் பவுண். எமிரேட்ஸ் விமான நிறுவனம் 15 வருடப் பெயர் உரிமையும் சட்டை விளம்பரமும் சேர்த்து 100 மில்லியன் கொடுத்தது. பழைய மைதானம் அடுக்குமாடி வீடுகள் ஆனது. மீதிக்கு நீண்டகாலப் பத்திரக் கடன். அந்தக் கடனைச் சுமந்த வருடங்களில் ஃபாப்ரிகாஸ், நஸ்ரி, வான் பெர்சி என்று ஒவ்வொருவராக விற்றார்கள். 2005க்குப் பிறகு அடுத்த பெரிய கிண்ணம் 2014இல்தான் வந்தது. அன்று இரசிகர்கள் திட்டித்தீர்த்த அந்தச் சிக்கனம் நியாயமானது. மைதானம் இன்றும் கழகத்துடையது.

டொட்டன்ஹாம் ஏறத்தாழ ஒரு பில்லியன் பவுணில் 2019இல் திறந்த மைதானத்தில் புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்குப் பார்வையாளர் மேடைக்கு அடியில் வழுக்கிப் போகும். அடியில் அமெரிக்கன் ஃபுட்போலுக்கான செயற்கைத் தரை இருக்கிறது. ஒரு பருவத்தில் லீக்கின் சொந்த மைதான ஆட்டங்கள் 19 மட்டுமே. மீதி நாட்களில் கொங்கிறீற் சும்மா நிற்கக் கூடாது என்பதுதான் அந்த வழுக்குத் தரையின் கணக்கு.

வாடகைக்கு இருப்பது கழகத்துக்கு மலிவு, வீட்டுக்காரருக்கு நட்டம். 2012 ஒலிம்பிக்குக்காகப் பொதுமக்கள் காசில் கட்டப்பட்ட லண்டன் மைதானத்தில் வெஸ்ட் ஹாம் 99 வருடக் குத்தகைக்கு 2016இல் குடிபோனது. தொடக்க வாடகை வருடத்துக்கு 2.5 மில்லியன் பவுண். தரம் இறங்கினால் பாதி. மைதானத்தை மாற்றியமைக்க 323 மில்லியன் போனது, அதில் கழகம் கொடுத்தது 15. ஒப்பந்தம் வெளியே வந்தபோது கோல் கம்பத்தையும் மூலைக் கொடியையும்கூட மைதானத் தரப்பே கொடுக்க வேண்டும் என்று தெரிந்தது. இப்படி எழுதிக் கையெழுத்து வைத்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் வரிகட்டுபவர் கைவிட்டுக் கட்டுவார். இடைவழியாக இத்தாலியின் யுவென்டஸ் கழகம் நகரசபையிடம் 99 வருடத்துக்கு நில உரிமை வாங்கி, அதன்மேல் தன் காசில் மைதானம் கட்டி 2011இல் திறந்தது. நிலம் ஊருக்கு, கட்டடமும் வருமானமும் கழகத்துக்கு. நம் பகுதிக்கு மிகப் பொருத்தமான மாதிரி இதுதான்.

மைதானத்தை இழந்தவர்களின் கதையும் இருக்கிறது. விம்பிள்டன் 1991இல் பிளவ் லேனை விட்டு வேறொரு கழகத்தின் மைதானத்தில் ஒட்டுக்குடியானது. பழைய காணி பல்பொருள் அங்காடி நிறுவனம் ஒன்றுக்கு விற்கப்பட்டது. வீடில்லாத கழகத்தை உரிமையாளர்கள் வேறு நகரத்துக்கே கொண்டுபோனார்கள். இரசிகர்கள் 2002இல் புதுக் கழகம் தொடங்கி, 2020இல்தான் பிளவ் லேனுக்குத் திரும்பினார்கள். 1885இல் தொடங்கிய பரி கழகம் 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுணுக்குக் கைமாறியது. மைதானம் ஏற்கெனவே ஈட்டில் இருந்தது. 2019 ஓகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஒரு பவுணுக்கு விற்கிறார்கள் என்றால் வாங்குகிறவர் கடனைத்தான் வாங்குகிறார்.

இவற்றுக்கெல்லாம் எதிராகச் செல்சி இரசிகர்களிடம் ஒரு பூட்டு இருக்கிறது. 1993இல் தொடங்கிய ஒரு பங்குதாரர் கம்பனியிடம் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தின் உறுதியும் ‘செல்சி உதைபந்தாட்டக் கழகம்’ என்ற பெயரின் உரிமையும் இருக்கின்றன. சிறு பங்குகளை வைத்திருப்பவர்கள் சாதாரண இரசிகர்கள். கழகத்தை எத்தனை பில்லியனுக்கு யார் வாங்கினாலும், இவர்கள் கை உயர்த்தாமல் மைதானத்தை விட்டு நகர்ந்தால் பெயரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியது

மட்டக்களப்பின் வெபர் மைதானமோ கல்முனையின் சந்தாங்கேணியோ எந்தக் கழகத்தின் தனிச் சொத்தும் அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் உழைத்த வெபர் அடிகளாரின் பெயருக்கு எவரும் காசு கட்டவில்லை. நன்றியால் வைத்த பெயர். மற்றக் கழகங்கள் பாடசாலை மைதானத்திலோ சபைக் காணியிலோ கடற்கரை மணலிலோ ஆடுகின்றன, பெரும்பாலும் வாய்ச்சொல்லில். ‘இத்தனை வருடமாக நாங்கள்தான் ஆடுகிறோம்’ என்பது உறுதியாகாது. அதிபர் மாறினால், சபையின் தவிசாளர் மாறினால், அந்த இடத்தில் கட்டடம் ஒன்று எழும்பினால், பேசக் கடதாசி இருக்காது.

ஆகவே கடிதம் ஒன்று எடுங்கள். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் மூலமாகக் கழகத்தின் பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொண்டு, காணிக்குப் பொறுப்பான நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அதில் எந்த நாட்கள், எந்த நேரம், எத்தனை வருடம் என்று இருக்க வேண்டும். மின்கட்டணம் யார், புல் வெட்டுவது யார், மாரியில் தண்ணீர் நின்றால் மணல் போடுவது யார் என்றும் இருக்க வேண்டும். கழகம் தன் காசில் கட்டும் சுற்றுவேலியும் மின்விளக்குக் கம்பமும் பிறகு யாருக்குச் சேரும் என்ற வரியைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள். மின்கம்பம் நட்ட பிறகு அதை எழுதக் கேட்டால் எவரும் எழுதித்தர மாட்டார்கள். அனுசரணையாளர் பெயரை மைதானத்தில் எழுதக் கழகத்துக்கு அதிகாரம் உண்டா என்பதையும் முன்கூட்டியே தெளிவாக்குங்கள். வங்கிக் கணக்கு தலைவர், பொருளாளர் இருவரின் கையொப்பத்தில் இருக்கட்டும். அனுசரணையில் பாதியைப் பதாகை அடிக்குமுன் வாங்குங்கள்.

கடைசியாக, யாரும் இங்கே பெரிதாகப் பேசாத ஒரு வருமானம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் தொழில்முறை வீரர் ஒருவர் மாற்றுத் தொகையோடு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக் கழகத்துக்குப் போனால், அந்தத் தொகையில் 5 வீதம், 12 முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குச் சேர வேண்டும் என்பது பீஃபா விதி. 12 முதல் 15 வயது வரையான பருவங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 0.25 வீதம், 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 0.5 வீதம். உங்கள் கழகத்தில் 12 வயதிலிருந்து 17 வயதுப் பருவம் வரை ஆடிய பிள்ளை ஒரு இலட்சம் டொலருக்கு மாறினால் நான்கு கால் வீதமும் இரண்டு அரை வீதமும் சேர்ந்து 2 வீதம், அதாவது 2,000 டொலர். ஊர்க் கழகம் ஒன்றுக்குப் பல வருடத்துப் பந்தும் வலையும் அதில் வரும்.

ஆனால் அந்தக் காசு பதிவைப் பார்த்துத்தான் வரும். பிள்ளை அந்த வருடங்களில் உங்கள் கழக வீரராகச் சம்மேளனத்தில் பதியப்பட்டிருந்தாரா என்றுதான் கேட்பார்கள். சுற்றுப்போட்டிக்கு முதல்நாள் இரவில் அவசரமாக நிரப்பிய படிவத்தில் ‘மொஹமட்’ ஒரு தரம் ஒரு விதமாகவும் மறுதரம் வேறு விதமாகவும், தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்று விட்டும், பிறந்த திகதி நாளும் மாதமும் மாறியும் கிடந்தால் இருவரும் ஒருவரே என்று நிரூபிக்கிற பாரம் கழகத்தின் தலையில் விழும். 12 வயதுப் பிள்ளையைப் பதியும் நாளில் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். படிவத்தின் ஒரு பிரதியைக் கழகக் கோப்பில் போடுங்கள்.